பறிகொடுத்தவர் சொல்லும் ஊரார் ஐயமும்

இரவில் ஆள் புகுந்து, தம்மைக் கட்டிப்போட்டு, வீட்டிலுள்ளதைக் கொள்ளையிட்டான் என்று ஒருவர் வந்து சொல்கிறார். கேட்டிருப்பவர் அவருக்குச் செய்யவேண்டியது யாது? ஆறுதலா, உதவியா, விசாரணையா? இவையெல்லாம் பின்னர் வருவன. இவற்றுக்கு முன்னதாகவே, சொன்னதை நம்புவதா விடுவதா என்னும் தீர்ப்பொன்றை நாம் வழங்கிவிடுகிறோம். சாட்சிக்கூண்டு வேண்டியதில்லை, வழக்குரைஞர் வேண்டியதில்லை. சங்கக்கடை வாசலிலும், வள்ளத்துக்குக் காத்து நிற்கும் இறங்குதுறையிலும் அத்தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகிறது. எந்த அளவுகோலால் அளந்து அதனை வழங்குகிறோம் என்பதே இங்கு நாம் ஆராய விரும்பும் வினா.

அனலைதீவு சிறிய ஊர். நாற்புறமும் கடல். வழக்கென்று வந்தால் கடல் கடந்து ஊர்காவற்றுறை நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். கனடாவுக்கும் பிரான்சுக்கும் பெயர்ந்தோர் விட்டுச்சென்ற வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. சில வீடுகளில் வயோதிபர் ஒருவரோ இருவரோ படலையைப் பார்த்தபடி இருக்கின்றனர். ஐயனார் கோயில் திருவிழாவுக்கு வெளிநாட்டுக்காரர் வந்திறங்கும் நாட்களில் மட்டும் வீதியிலே பொன் மின்னும். இத்தகைய ஊரில் களவு என்ற சொல் எல்லோர் செவியிலும் உடனே விழும். விழுந்ததும் எழுகின்ற பேச்சுக்கு மூன்று படிகள் உண்டு. “ஐயோ பாவம்” என்பது முதற்படி. “எத்தினை பவுணாம்?” என்பது இரண்டாம் படி. பவுண் கணக்குப் பெரிதாயின் மூன்றாம் படி தானாகவே வந்து சேரும்: “உண்மையாய்க் களவுதான் போச்சுதோ, இல்லாட்டிக் காப்புறுதிக் காசுக்கோ?” பறிபோனது ஒரு சோடித் தோடு மட்டுமாயின் இம்மூன்றாம் படிக்கு எவரும் ஏறுவதில்லை. பறிகொடுத்த பொருள் கூடக்கூட, பறிகொடுத்தவர் சொல்லின் மதிப்புக் குறைகிறது. விந்தையான விகிதம்தான், ஆயினும் இது நம் ஊருக்கு மட்டும் உரிய வழக்கமன்று.

2016ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆம் திகதி, விடிவதற்குப் பல மணி நேரம் முன்னதாக, பாரிஸ் நகரின் மத்தியிலுள்ள தங்குமனை ஒன்றில் பொலிஸ் உடையணிந்த கொள்ளையர் புகுந்தனர். அங்கே தங்கியிருந்தவர் கிம் கர்டாஷியன் என்னும் அமெரிக்கப் பெண்மணி. பாடியோ நாடகத்தில் நடித்தோ புகழ் பெற்றவர் அல்லர். தம் குடும்பத்தின் அன்றாட வாழ்வையே 2007 முதல் தொலைக்காட்சியில் காட்டிப் புகழ் பெற்றவர். அவருடைய கைகளைக் கட்டி, வாயை ஒட்டுநாடாவால் மூடி, குளியலறையில் இட்டுவிட்டு, ஏறத்தாழ ஒரு கோடி டொலர் பெறுமதியான நகைகளுடன் கொள்ளையர் வெளியேறினர். அவற்றுள் ஒரு மோதிரம் மட்டுமே ஏறத்தாழ 40 இலட்சம் டொலர் பெறுமதியானது.

பொழுது விடிந்ததும் உலகம் பேசத் தொடங்கியது. முதலிரண்டு படிகளையும் அது ஒரே தாவலில் கடந்து மூன்றாம் படியில் போய் நின்றது. மெய்க்காவலர் எங்கே போனார்? உடலில் ஏன் பெருங்காயம் இல்லை? காப்புறுதிக்கான கூத்து; தொலைக்காட்சித் தொடரின் அடுத்த பகுதிக்கான விளம்பரம். இப்படிப் பேசியோர் தொகை சிறிதன்று. கொள்ளை பொய், காப்புறுதி மோசடி என்ற பொருள்பட எழுதிய செய்தித்தளம் ஒன்றின் மீது அவர் அம்மாதமே நியூயோர்க்கில் வழக்குத் தொடுத்தார். அத்தளம் தன் கூற்றை மீளப்பெற்று வருத்தம் தெரிவித்தது. கார்ல் லாகர்ஃபெல்ட் என்ற புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளரோ கொள்ளையை மறுக்கவில்லை. செல்வத்தை ஊருக்கெல்லாம் காட்டிவிட்டுப் பிறகு பகிர விரும்புவோர் வந்ததற்கு வியப்படையலாமா என்ற பொருள்படப் பேசினார். நம் ஊர்த் திண்ணையிலும் இதே வாக்கியம் பலமுறை ஒலித்ததுண்டு.

மூன்று மாதங்களின் பின், 2017 ஜனவரியில், பிரெஞ்சுப் பொலிசார் 17 பேரைப் பிடித்தனர். விட்டுச்சென்ற பிணைப்புகளில் எஞ்சியிருந்த மரபணுத் தடயம் வழிகாட்டியது. வழக்கு விசாரணை 2025 ஏப்ரல் மாத இறுதியில் தொடங்கியது. மே 13ஆம் திகதி கிம் கர்டாஷியன் நேரில் வந்து சாட்சியம் அளித்தார். அன்றிரவு தாம் கொல்லப்படுவோம் என்றே எண்ணியதாகக் கூறினார். மே 23ஆம் திகதி நீதிமன்றம் எண்மரைக் குற்றவாளிகளெனத் தீர்மானித்து, இருவரை விடுவித்தது. முதன்மைக் குற்றவாளியான ஒமர் அய்த் கெதாஷ் அறுபதைக் கடந்த முதியவர். இன்னொருவர் தாம் செய்த கொள்ளையைப் பற்றி 2021இல் நூலே வெளியிட்டிருந்தார். கொள்ளையரே நூல் எழுதி ஒப்புக்கொண்ட கொள்ளையை, எங்கோ இருந்து கேள்விப்பட்டவர் பொய்யென்று அறுதியிட்டிருந்தனர் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஐயுற்றோரை மூடரென்று தள்ளிவிடுவது எளிது. அது நியாயமாகாது. அக்கொள்ளைக்கு ஏழு வாரங்களுக்கு முன்னர்தான், ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க நீச்சல் வீரர் ரயன் லொக்டி, தம்மைத் துப்பாக்கி முனையில் கொள்ளையிட்டதாகக் கூறியிருந்தார். எரிபொருள் நிலையமொன்றில் அவரும் நண்பர்களும் செய்த சேதமும், அதற்குக் காவலாளிகள் பணம் கேட்டதுமே பின்னர் வெளிப்பட்டன. பத்து மாதங்கள் போட்டிகளில் பங்குகொள்ளாதவாறு அவர் தடுக்கப்பட்டார். ஆகவே பிரபலமானவர் பொய் சொல்வதும் உண்டு. மேலும், தொலைக்காட்சியே ஐயத்தைக் கற்பித்த ஆசானன்றோ? 2019இல் இலங்கையர் இருவர் பங்குகொண்ட தமிழ் ‘பிக் பாஸ்’ நிகழ்ச்சியைத் தீவகத்து வீடுகளிலும் இரவிரவாகப் பார்த்தனர். அழுகை வந்தால் “இது நடிப்பு” என்பதும், சண்டை வந்தால் “இது ஏற்பாடு” என்பதும் அப்பார்வையின் இன்பத்தில் ஒரு பகுதி. உண்மையைக் காட்டுகிறோம் என்று விற்கப்படும் பண்டத்தை, இது பொய் என்று சொல்லிக்கொண்டே நுகர்வது இக்காலத்துப் பொழுதுபோக்கு. இரண்டு ஆண்டோ பத்து ஆண்டோ அப்படிப் பழகிய செவியிடம், அதே முகம் வந்து, “இம்முறை மெய்யாகவே நடந்தது” என்று சொன்னால் செவி என்ன செய்யும்? இந்தத் தொழிலை நடத்தி இலாபம் ஈட்டியோருக்கும் இதிலே பொறுப்புண்டு. அந்தக் கொள்ளையைப் பற்றிய உரையாடலே 2017இல் அதே தொடரில் ஒளிபரப்பாயிற்று என்பதை நினைத்துப் பார்க்கும்போது ஐயுற்றவரின் நிலை ஓரளவு விளங்குகிறது.

எனினும் விளங்குவது வேறு, நியாயமாவது வேறு. நம் அளவை நூலார் காண்டல், கருதல் ஆகியவற்றுடன் உரையையும் அறிவுக்குரிய வாயிலாகக் கொண்டனர். ஏன்? நாம் அறிந்தவற்றில் மிகப் பெரும்பகுதி பிறர் சொல்லக் கேட்டு அறிந்ததே. நாம் பிறந்த நாளையே தாய் சொல்லித்தான் அறிந்தோம். உரையை முற்றாக மறுப்பவன் வாழ முடியாது. ஆதலால் ஐயம் என்பது விசாரணைக்குள் நுழையும் வாயிலாக இருக்கவேண்டும். எங்கே, எப்பொழுது, யார் கண்டார், காயம் உண்டா என்று கேட்டுச் செல்லும் ஐயம் ஒருவகை. அது விடை கிடைத்ததும் அடங்கும். ஒரு வினாவும் கேளாமல், உதட்டைச் சுழித்துச் சிரித்து, “எங்களுக்குத் தெரியாதோ” என்று அங்கேயே உட்கார்ந்துவிடும் ஐயம் இன்னொருவகை. அதற்கு விடை தேவையில்லை. விடை வந்தாலும் காதில் ஏறாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். முன்னையது அறிவின் உழைப்பு. பின்னையது உழைக்காமல் அறிவாளியாகத் தோன்றுவதற்கான வழி. பாரிஸ் பொலிசார் கொண்டதும் ஐயமே. ஆனால் அவர்கள் கட்டிய நாடாவைச் சோதனைக்கு அனுப்பினர்.

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் செய்த பிழையும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. அவன் ஐயுறவே இல்லை என்று சொல்வது பொருந்தாது. அயலூரிலிருந்து வந்த வணிகன்மீது அவனுக்கு ஐயம் பிறந்தது. அரண்மனைப் பொற்கொல்லன்மீது பிறக்கவில்லை. ஐயம் எங்கே விழவேண்டும், எங்கே விழலாகாது என்பதை முன்கூட்டியே நிர்ணயித்து வைத்திருக்கும் மனமே அங்கு தீர்ப்பளித்தது. கண்ணகியின் கையில் இன்னொரு சிலம்பு இருந்தமையால் வழக்கு மறுபடி எழுந்தது. உடைத்துக் காட்டச் சிலம்பு இல்லாதவர் சொல் என்னவாகும் என்பதை அக்காப்பியம் நம்மிடமே விட்டுவிடுகிறது. மிராண்டா ஃபிரிக்கர் என்ற ஆங்கில மெய்யியலாளர் 2007இல் வெளியிட்ட நூலில், ஒருவர் இன்னார் என்ற காரணத்தாலேயே அவர் சொல்லுக்கு உரிய மதிப்பைக் குறைத்தலைத் தனியொரு அநீதியாக ஆராய்ந்தார். அவர் கருத்திற்கொண்டவர் பெரும்பாலும் பெண்களும் கறுப்பினத்தவரும் எளியோருமே. பெருஞ்செல்வியான ஒரு தொலைக்காட்சி நட்சத்திரத்துக்கு அதைப் பொருத்தலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. அதைத் தவிர்க்காமல் எதிர்கொள்ளவேண்டும்.

ஒரு விரலில் 40 இலட்சம் டொலரை அணிந்து திரிவது நேரிய உலகத்தின் அடையாளம் அன்று. அந்தப் பணத்தில் நம் தீவகத்தின் இறங்குதுறைகளையும் மருத்துவமனைகளையும் எவ்வளவோ செப்பனிடலாம் என்று எண்ணுபவர் தவறாக எண்ணவில்லை. அந்தச் செல்வத்தைக் கண்டு சினம் கொள்வது மனிதப் பண்பே. நாம் குறைகூறுவது அச்சினத்தை அன்று. அது அணிந்துகொண்ட வேடத்தையே. “இவ்வளவு பொருள் ஒருவரிடம் குவிவது அநீதி” என்பது ஒரு கூற்று. அதைச் சொல்பவர் அதற்கு நியாயம் காட்டவேண்டும். உழைப்பைப் பற்றி, வரியைப் பற்றி, உடைமையைப் பற்றிப் பேசவேண்டும். “இவளை யாரும் கட்டிப்போடவில்லை” என்பது வேறொரு கூற்று. அது நடந்த ஒன்றைப் பற்றியது. ஒன்றில் மெய், அல்லது பொய். முதற்கூற்றைச் சொல்லத் துணிவில்லாதவர், அல்லது சொல்லிச் சொல்லிச் சலித்தவர், இரண்டாவதைச் சொல்லி ஆறுதலடைகின்றனர். இதனால் செல்வத்துக்கு ஒரு கீறலும் விழுவதில்லை. மோதிரம் அநீதியா என்ற கேள்வி, மோதிரம் களவுபோனதா என்ற வம்பாக மாறிவிட்டபின், குவிந்த பொருளின் கணக்கைக் கேட்க ஒருவரும் எஞ்சுவதில்லை. ஏழைகளின் பெயரால் பேசப்படும் இந்த ஐயத்தினால் ஏழைக்கு ஒரு சதமும் வந்ததில்லை. (கொள்ளையரைக் கிழவர்கள் என்று கொஞ்சிப் பேசியோரும் உண்டு. அவர்கள் பறித்த பொன்னை எந்த ஏழைக்கும் பங்கிட்டதாக வழக்கில் ஓரிடத்திலும் வரவில்லை.)

வருமானம் இல்லை என்பதோடு நின்றால் பரவாயில்லை. இழப்பும் உண்டு. அதைக் காண, நமக்கு அண்மையிலுள்ள மும்பாய்க்கு வருவோம்.

2025 ஜனவரி 16ஆம் திகதி அதிகாலையில், பாந்திராவிலுள்ள இந்தி நடிகர் சைஃப் அலி கானின் வீட்டில் ஒருவன் புகுந்தான். நடிகர் பல இடங்களில் கத்திக்குத்துப் பட்டு, ஓட்டோ ஒன்றில் லீலாவதி மருத்துவமனைக்குப் போனார். முதுகெலும்பின் அருகே முறிந்து தங்கிய கத்தித் துண்டை அறுவை மருத்துவர் எடுத்தனர். ஐந்து நாட்களின் பின் அவர் தம் காலால் நடந்து வெளியே வந்தார். அந்த நடையே அவருக்குப் பகையாயிற்று. இவ்வளவு விரைவில் எப்படி நலமடைந்தார் என்று சஞ்சய் நிருபம் என்ற அரசியல்வாதி கேட்டார். மகாராஷ்டிர அமைச்சர் நிதேஷ் ராணே, உண்மையிலேயே குத்துப்பட்டாரா, நடிக்கிறாரா என்று தமக்கு ஐயம் எழுந்ததாக மேடையில் பேசினார். அதே பேச்சில் நடிகரின் மதத்தையும் இழுத்தார். ஐயத்தின் வேடத்துக்குள் எத்தனை வகைப் பகைமை குடியிருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் நாம் சொல்ல வந்தது நடிகரைப் பற்றியன்று. அவ்வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண் ஒருவர் இருந்தார். புகுந்தவனை முதலில் கண்டவர்களுள் ஒருவர் அவர். ஒரு கோடி ரூபாய் கேட்டான் என்று சொன்னவர் அவர். தடுக்கப்போய்க் கைகளில் வெட்டுக்காயம் பட்டவரும் அவரே. பொலிசார் பதிந்த முறைப்பாடு அவருடைய வாய்மொழி. “எல்லாம் நடிப்பு” என்று மேடையில் சொல்லப்பட்டபோது, பொய்யுரைப்பவர் ஆக்கப்பட்டவர் யார்? கோடீசுவர நடிகரா, மாதச் சம்பளத்துக்கு அடுத்தவர் பிள்ளையைக் காத்து இரத்தம் சிந்திய தொழிலாளியா? நடிகர் இன்னொரு படத்தில் நடிப்பார். பணிப்பெண்ணிடம் இருப்பது அவர் சொல் ஒன்றே. செல்வர் வீட்டுக் களவை நாடகம் என்று சிரிப்பவர், அவ்வீட்டுச் சமையற்கட்டில் நிற்பவரையும் சேர்த்தே சிரிக்கிறார்.

நம்பிக்கையின் மறுபக்கத்தையும் அதே வழக்கு காட்டியது. நிழற்படத்தில் கண்ட முகத்தோடு ஒத்திருக்கிறார் என்று, ஓடும் ரயிலில் இருந்த தொழிலாளி ஒருவரைச் சத்தீஸ்கரின் துர்க் நிலையத்தில் பிடித்தனர். அவர் படம் நாடெங்கும் போயிற்று. அவர் குற்றவாளியல்லர் என்று விடுவிக்கப்படுவதற்குள் வேலை போயிற்று. பேசிவைத்த கல்யாணமும் நின்றுவிட்டது என்று அவரே பத்திரிகையாளரிடம் கூறினார். பின்னர் வேறொருவர் கைதாகி, அவர்மீது 2025 ஏப்ரலில் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. ஆகவே, “ஐயுறாதே, சொல்வதையெல்லாம் நம்பு” என்று நாம் கூறவில்லை. நட்சத்திரத்தின்மேல் சிந்திய ஐயமாயினும், அவசரத்தில் சிந்திய நம்பிக்கையாயினும், கீழே நிற்பவர் மீதே போய் விழுகிறது என்று மட்டும் சுட்டுகிறோம்.

இந்தப் பழக்கம் நம் கரைக்கு வரும்போது என்ன உருவம் கொள்கிறது? 2011 ஆகஸ்டில் இலங்கையின் பல பாகங்களில் ‘கிறீஸ் பூதம்’ என்றும் ‘மர்ம மனிதன்’ என்றும் பேச்சு எழுந்தது. இரவில் உடலில் எண்ணெய் பூசிய ஆட்கள் வீடுகளை எட்டிப் பார்க்கின்றனர், பெண்களைத் தாக்குகின்றனர் என்று மக்கள் முறையிட்டனர். அவற்றுள் வதந்தியும் கலந்திருந்தது. வதந்தியை நம்பிய கூட்டங்கள் தவறிழைத்ததும் உண்டு. ஆனால் விசாரிப்பதற்குப் பதிலாக, எல்லாமே கற்பனை என்று அரச தரப்பு மொத்தமாகத் தள்ளிவிட்டது. ஆகஸ்ட் 22ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் நாவாந்துறையில் மக்கள் தாம் கண்ட ஆட்களைத் துரத்தினர். அவர்கள் அருகிலிருந்த படைமுகாமுக்குள் போய் மறைந்தனர் என்று கூறினர். அன்றிரவே படையினர் வீடுகளுக்குள் புகுந்து ஆண்களை அடித்திழுத்துச் சென்றனர். நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாகினர். பலர் காயங்களுடன் மருத்துவமனை சேர்ந்தனர். இரவில் யாரோ வந்தான் என்று சொன்னவர்களுக்குக் கிடைத்த விடை அதுவே. அவர்களிடம் மோதிரம் இல்லை, காப்புறுதி இல்லை, தொடர் நாடகம் இல்லை. கூலிவேலை செய்வோரும் கடலுக்குப் போவோரும் வாழும் ஊர் அது. “இவர்கள் கதை கட்டுகிறார்கள்” என்று சொல்ல அங்கே ஒரு குரல் ஆயத்தமாக இருந்தது. அக்குரலுக்குத் துப்பாக்கியும் இருந்தது. பாரிசில் அது சிரிப்பாக ஒலித்தது. நாவாந்துறையில் அடியாக விழுந்தது. வினாவின்றித் தீர்ப்பளிக்கும் மனம் இரண்டிடத்திலும் ஒன்றே.

2023 ஏப்ரல் 22ஆம் திகதி நெடுந்தீவில், மாவிலி இறங்குதுறைக்கு அண்மையிலுள்ள வீடொன்றில் முதியோர் ஐவர் வெட்டிக் கொல்லப்பட்டுக் கிடந்தனர்; நகைகள் பறிபோயிருந்தன. கடுங்காயத்துடன் தப்பிய 100 வயது மூதாட்டியும் பின்னர் இறந்தார். தீவகம் முழுவதும் உறைந்து போயிற்று. அன்று எவரும் மூன்றாம் படிக்கு ஏறவில்லை. எத்தினை பவுண் என்றுகூடப் பலர் கேட்கவில்லை. அது நம் மனிதத்தன்மைக்குச் சான்றுதான். எனினும் ஒரு கேள்வி உறுத்துகிறது. அம்முதியோரில் ஒருவர் அதற்கு முந்திய வாரம், படலைக்கு வந்து, ஆளொருவனைக் கண்டு தமக்குப் பயமாக இருக்கிறதென்று அயலவரிடம் சொல்லியிருந்தால், தனிமையிலிருக்கும் வயோதிபரின் பிரமை என்று எத்தனை பேர் நகைத்திருப்போம்? உயிர் போனவர் சொல்லை நம்புவதில் நமக்குச் சிரமமில்லை. உயிரோடு வந்து நிற்பவரிடந்தான் அத்தாட்சி கேட்கிறோம்.

பாரிஸ் வழக்கிலே இதுவரை நாம் குறிப்பிடாத ஒருவர் உண்டு. அத்தங்குமனையில் இரவு முழுவதும் வரவேற்பு மேசையில் இருந்தவர் அல்ஜீரிய நாட்டவர்; ஆராய்ச்சி மாணவர்; படிப்புக்காக இரவுவேலை பார்த்தவர். கொள்ளையர் முதலில் விலங்கிட்டது அவரைத்தான். துப்பாக்கியைக் காட்டி மாடிக்கு நடத்திச் சென்றதும், ஆங்கிலம் அறியாத தமக்கும் அந்தப் பெண்ணுக்கும் இடையில் மொழிபெயர்க்க வைத்ததும் அவரையே. அந்நகரில் லா சப்பல் பகுதியைச் சூழ நம் தீவக இளைஞர் பலர் உணவகங்களில் கோப்பை கழுவியும் விடுதிகளில் இரவுக்காவல் இருந்தும் உழைத்தவர், இன்றும் உழைப்பவர். அவரவர் அனுப்பிய பணத்தில் எழுந்த வீடுகள் இங்கே உண்டு. அந்த மேசையில் அன்று அனலைதீவார் ஒருவர் இருந்திருக்கவும் கூடும். கொள்ளை நடந்ததா இல்லையா என்று உலகம் சிரித்து வாதாடிய மாதங்களில், அந்த மாணவரைக் கூப்பிட்டு, “நீ அங்கே இருந்தாயே, என்ன நடந்தது?” என்று கேட்டவர் மிகச் சிலர். ஒன்பது ஆண்டுகள் கழித்து அவரும் நீதிமன்றத்துக்கு வந்தார். அன்றிரவுக்குப் பின் தம் வாழ்வு குலைந்துபோனதைச் சொன்னார்.